கோபுரமும் கூரைகளும்

திருப்பரங்குன்றத்து மலைமீது ஏறி வடகிழக்கே நோக்கினால், வைகைக் கரைச் சமவெளியில் மதுரைக் கோபுரங்கள் தனித்து எழுந்து நிற்றலைக் காணலாம். அவற்றுள் மிக உயர்ந்தது தெற்குக் கோபுரம். ஒன்பது நிலைகளும் 160 அடிக்கு மேற்பட்ட உயரமும் உடையது அது. 1559-ஆம் ஆண்டில் சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டுவித்தது என்பர்.

அதற்குச் சரியாக நானூறு ஆண்டுகள் கழித்து, 1959-இல், சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பெற்றது. இரும்புக் கம்பியும் சிமெண்டும் கொண்டு எழுப்பிய அதன் உயரம் 177 அடி. அவ்விரண்டும் இன்றியே மதுரைச் சிற்பியர் அவ்வுயரத்தை நெருங்கிவிட்டனர்!

அவர் கையாண்ட முறை எளியது. அடித்தளம் கருங்கல், அதன்மேல் செங்கல்லும் சுண்ணச்சாந்தும். உட்புறம் கூடாக இருப்பதாலும், நிலைதோறும் அகலம் குறைந்துகொண்டே போவதாலும், மேலே செல்லச் செல்லச் சுமை குறைகிறது. விளிம்புகளோ நேர்கோடாகச் செல்லாமல் உள்வாங்கி வளைகின்றன. 1,500-க்கு மேற்பட்ட சுதை உருவங்கள் செறிந்திருந்தும் நம் கண் எங்கும் தடைப்படாமல் உச்சிக்கு ஏறுவது அவ்வளைவினால்தான் என்பது என் கருத்து.

ஆயினும், கோபுரத்தின் உயரத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள வீடுகளுக்கும் உரியது. அவை தாழ்ந்திருப்பதால் அது ஓங்கித் தோன்றுகிறது. சென்னையில் எல்.ஐ.சி. கட்டடத்தினும் உயர்ந்தவை பின்னர்ப் பல எழுந்தன. ஒரு காலத்தில் ஊரே அண்ணாந்து பார்த்த அதனை இன்று நின்று பார்ப்பார் மிகச் சிலர். இந்நிலை மதுரைக்கு நேராதிருக்க, கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழலாகாது என்று 1997-இல் அரசு ஆணை பிறப்பித்தது.

அவ்வரம்பு வேண்டுவதே. அதைத் தளர்த்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் கோபுரங்கள் சுவர்களுக்கு இடையே ஒளிந்துவிடும். ஒருமுறை மறைந்த காட்சியை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. ஆனால் அதன் சுமை யார்மேல் விழுகிறது? குறுகிய மனையில் கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் குடும்பம், பிள்ளைகள் பெருகினாலும் மேலும் இரண்டு மாடி எழுப்ப இயலாது. இக்குறையைப் பேராசை என்று தள்ளுவது அறமன்று. கோபுரக் காட்சி ஊரார் அனைவருக்கும் பொது. அதற்குரிய விலையைச் சில தெருக்காரர் மட்டும் செலுத்துவானேன்? அவர்கட்கு வீட்டுவரியைக் குறைக்கலாம். இங்கே இழக்கும் பரப்பை ஊர்ப்புறத்தில் கட்டிக்கொள்ள உரிமை தரலாம். அவ்வுரிமையை முதலில் பெற வேண்டியவர் பெருவணிகர் அல்லர். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் சிறுமனை உடையவரே.