கொழுப்பை எடுக்கக் கடல் தாண்டும் முன்

வண்டூர் படகுத் துறையில் காலையில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரே அவசரம்தான். ஜாலிபாய் தீவுக்குப் படகைப் பிடிக்க வேண்டும், பவளப் பாறைகளைப் பார்க்க வேண்டும், மாலைக்குள் திரும்ப வேண்டும். உள்ளூர்க்காரர்களின் பயணங்கள் வேறு மாதிரி. உடம்புக்குப் பெரிதாக ஏதாவது என்றால் போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) போய் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் காட்டுவார்கள். அதற்கும் மேல் என்றால் மெயின்லேண்ட். அந்தமான் தமிழ்க் குடும்பங்களுக்கு மெயின்லேண்ட் என்றால் பெரும்பாலும் சென்னை. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலில் சுமார் மூன்று நாள்.

இதய ஆபரேஷனுக்கும் புற்றுநோய்க்கும் கடல் தாண்டியவர்களை இப்போது இன்னொன்றும் அழைக்கிறது. 'தொப்பை ஒரே நாளில் காணாமல் போகும்' என்று செல்போன் திரையில் ஒளிரும் லைபோசக்ஷன் விளம்பரம். காலையில் அட்மிஷன், மாலையில் டிஸ்சார்ஜ், மூன்றாம் நாள் வீடு. கணக்கு சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. லைபோசக்ஷனின் ஆபத்துகளில் பல, ஆபரேஷன் மேஜையில் வருவதில்லை. நோயாளி வீடு திரும்பிய பிறகு வருகின்றன. கிளினிக்குக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கே இது கவலை தரும் விஷயம். நடுவில் வங்காள விரிகுடா கிடப்பவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

முதலில், இது என்ன? தோலுக்கு அடியில் படிந்திருக்கும் கொழுப்பை மெல்லிய உலோகக் குழாய் வழியாக உறிஞ்சி எடுப்பதுதான் லைபோசக்ஷன். 1920களில் பிரெஞ்சு சர்ஜன் ஒருவர் நடனக்காரி ஒருவரின் முழங்கால் கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றார். கால் அழுகிப்போய், அதை வெட்டி எடுக்க நேர்ந்தது. அதோடு பல ஆண்டுகள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 1970களில் ரோமில் ஜார்ஜியோ ஃபிஷரும் பாரிஸில் ஈவ் ஜெரார்ட் இல்லூஸும் உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1985இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தோல் டாக்டர் ஜெஃப்ரி கிளைன், உப்பு நீரில் மரத்துப்போகும் மருந்தையும் அட்ரினலினையும் கலந்து கொழுப்புக்குள் செலுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று உலகெங்கும் நடப்பது பெரும்பாலும் இந்த முறைதான். லேசர், அல்ட்ராசவுண்ட் என்று விளம்பரங்கள் அடுக்குபவையும் இதன் மேல் கட்டிய மாடிகளே.

எடை குறையுமா? குறையாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் அதை 'பெரிய அளவு' என்று வகைப்படுத்தி, நோயாளியை இரவு முழுக்க மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்கிறது மருத்துவ உலகம். அந்த ஐந்து லிட்டரிலும் ஒரு பகுதி, செலுத்திய திரவம். ஆக, தராசு முள் சில கிலோதான் நகரும். உடற்பயிற்சிக்கும் மசியாமல் இடுப்பிலோ தொடையிலோ தாடைக்கு அடியிலோ தங்கிவிட்ட கொழுப்பைச் செதுக்கி வடிவம் தருவதற்கான வழி இது. எடை ஏறத்தாழச் சரியாக இருப்பவர்களுக்கே நல்ல பலன் கிடைக்கும். மிக அதிக எடை உள்ளவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் வேறு சங்கதி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் இறங்குமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர டாக்டர்கள் 2004இல் பதில் சொன்னார்கள். பருமனான 15 பெண்களிடமிருந்து சராசரியாக ஒன்பது, பத்து கிலோ கொழுப்பை எடுத்தார்கள். சுமார் மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலினுக்கு உடம்பு இணங்கும் திறன் எதுவுமே மாறவில்லை. காரணம் எளிது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் துணை போவது குடலையும் கல்லீரலையும் சுற்றியுள்ள உள்கொழுப்பு. லைபோசக்ஷன் குழாய் அங்கே போவதில்லை, போகவும் கூடாது. அந்தக் கொழுப்பைக் கரைப்பது சாப்பாட்டில் கட்டுப்பாடும் நடையும் தேவைப்பட்டால் மருந்தும்தான். இந்தியர்களைப் பொறுத்தவரை இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை மணி. அந்த மணி அடிக்கும்போது போய்ப் பார்க்க வேண்டியது பொது மருத்துவரை.

எடுத்த கொழுப்பு திரும்ப வருமா? எடுத்த செல்கள் வருவதில்லை. மிஞ்சியவை பெருக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியான ஆய்வில், தொடையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கொழுப்பு எடுக்கப்பட்ட பெண்களுக்கு ஒரே வருடத்தில் கொழுப்பு திரும்பிவிட்டது. ஆனால் எடுத்த தொடைக்கு அல்ல, பெரும்பாலும் வயிற்றுக்கு. வாய்க் கட்டுப்பாடு இல்லாவிட்டால் கொடுத்த பணத்துக்குக் கொழுப்பு இடம் மாறியதுதான் மிச்சம்.

சரி, ஆபத்து எவ்வளவு? அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஏறக்குறைய ஐந்து லட்சம் ஆபரேஷன்களுக்கு 95 மரணங்கள் தெரியவந்தன. சுமார் ஐயாயிரத்துக்கு ஒன்று. நுரையீரலை அடைத்த ரத்தக் கட்டிதான் அதில் முதல் எமன். அதன் பிறகு முறைகள் மேம்பட்டு ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனாலும் அழகுக்காக, ஆரோக்கியமான உடம்பில் செய்துகொள்ளும் ஆபரேஷன் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

மறக்க விடாத இரண்டு பெயர்கள் தென்னிந்தியாவிலேயே இருக்கின்றன. தெலுங்கில் முன்னணிக்கு வந்து, 2005இல் 'பம்பரக் கண்ணாலே' மூலம் தமிழுக்கும் அறிமுகமான நடிகை ஆர்த்தி அகர்வால், 2015 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 31 வயதில் இறந்தார். சில வாரங்களுக்கு முன் லைபோசக்ஷன் செய்துகொண்டார், பிறகு மூச்சுத் திணறல் இருந்தது என்று அவருடைய மேனேஜர் பத்திரிகைகளிடம் தெரிவித்தார். கன்னட டி.வி. நடிகை சேதனா ராஜுக்கு 21 வயதுதான். 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் பின் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனார் என்று செய்திகள் வந்தன. பெற்றோரிடம் சொல்லாமல் நண்பர்களோடு போயிருந்தார். போதிய வசதி இல்லாத இடத்தில் ஆபரேஷன் நடந்தது என்று பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்தார்கள்.

இனி நாள் கணக்குக்கு வருவோம். மூன்றாம் நாள் வீடு திரும்பலாம் என்ற திட்டம் எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம்.

முதல் நாள்: மரத்துப்போகச் செலுத்தும் லிக்னோகெய்ன், கொழுப்பிலிருந்து மெல்ல மெல்லத்தான் ரத்தத்தில் கலக்கிறது. அதன் அளவு உச்சத்தைத் தொடுவது ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து. அதாவது நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி லாட்ஜ் அறையில் படுத்திருக்கும் நள்ளிரவில். அளவு மிஞ்சியிருந்தால் உதடு மரத்துப்போகும், காது இரையும், தலை சுற்றும், இன்னும் மிஞ்சினால் வலிப்பு வரும். காயத்திலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசிவது மட்டும் முதல் ஓரிரு நாளில் சகஜம்.

முதல் மூன்று நாள்: கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலைத் தாக்கினால் அது தெரியவருவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, தோலில் சிறு சிவப்புப் புள்ளிகள் அடையாளம். குழாய் தவறிக் குடலைத் துளைத்திருந்தால் வயிற்று வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகும்.

முதல் வாரம்: கிருமித் தொற்றின் காலம். காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடுத்த சில வாரங்கள்: கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து நீடிக்கிறது. ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்திருக்கும் விமானப் பயணம் இந்த ஆபத்தைக் கூட்டும். கப்பலிலோ மூன்று நாளும் நடுக்கடல்.

எனவே தீவிலிருந்து போகிறவர், ஊர் திரும்பும் டிக்கெட்டை டாக்டர் சொன்ன பிறகே எடுக்க வேண்டும். குறைந்தது ஒரு வாரம், பெரிய அளவில் செய்திருந்தால் இன்னும் கூடுதலாக, சர்ஜனின் கைக்கெட்டும் தூரத்தில் தங்க வேண்டியிருக்கும். கூடவே ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, துணைக்கு வருபவரின் சம்பள இழப்பு எல்லாவற்றையும் சேர்த்த தொகைதான் உண்மையான செலவு. இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. அழகுக்கான ஆபரேஷன்களை மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் விலக்கிவைத்திருக்கின்றன.

யாரிடம் செய்துகொள்வது? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் உள்ளவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பயிலரங்கில் வேடிக்கை பார்ப்பதும் யூ டியூப் பார்ப்பதும் அழகு சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுதியே வைக்க வேண்டியிருந்தது என்றால் நிலவரம் புரியும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், அந்தமானில் மத்திய அரசின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழைச் சுவரில் தேடிப் பாருங்கள். மயக்க மருந்து டாக்டர் முழு நேரமும் இருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவு இரண்டு மணிக்குப் போன் செய்தால் எடுப்பது யார் என்று கேளுங்கள். 'அதெல்லாம் தேவைப்படாது' என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

டாக்டரிடம் நோயாளி மறைக்கக் கூடாதவையும் உண்டு. ஆஸ்பிரின், ரத்தத்தை இளக்கும் மருந்து, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து, சிகரெட், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தோல் தளர்ந்திருந்தால் கொழுப்பு போன பிறகு இன்னும் தொங்கும் என்பதையும், இறுக்க உடையை நான்கு முதல் ஆறு வாரம் அணிய வேண்டும் என்பதையும், வீக்கம் முழுதாக வடிந்து உண்மை வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. வண்டூரின் புழுக்கத்தில் அந்த உடையோடு ஆறு வாரம் இருப்பது விளையாட்டல்ல.

கடைசியாக ஒரு காகிதம். எவ்வளவு திரவம் செலுத்தினார்கள், லிக்னோகெய்ன் எத்தனை மில்லிகிராம், எத்தனை லிட்டர் உறிஞ்சினார்கள், என்னென்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி வர வேண்டும். ஊர் திரும்பிய பிறகு நள்ளிரவில் மூச்சுத் திணறினால், வண்டூரிலிருந்து வண்டி பிடித்து ஓடப்போவது ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான். அங்கே டூட்டியில் இருக்கும் டாக்டர் அந்த ஆபரேஷனைப் பார்த்தவர் இல்லை. செய்த சர்ஜனோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தக் காகிதமும், என்ன செய்துகொண்டோம் என்று மறைக்காமல் வீட்டில் சொல்லிவைத்த ஒரு வார்த்தையும்தான் அந்த நேரத்தில் உயிர் காக்கும்.