காளானும் சிக்கனமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நமது இல்லத்துக்கு இரண்டு பொட்டலம் மொட்டுக் காளான் வந்து சேர்ந்தது. ஒன்று அன்றே குழம்பாயிற்று. மற்றொன்று குளிர்ப்பெட்டியின் மூலையில் மறதிக்கு இரையாகிக் கிடந்து, சனிக்கிழமையன்றுதான் வெளிப்பட்டது. தொட்டால் வழவழவென்று விரலில் ஒட்டிற்று. புளித்த நெடியும் வீசிற்று.

"நன்றாய்க் கழுவி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாய்விடும். காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையிலா கொட்டுவது?" என்றார் நமது அன்னையார். ஒரு பருக்கையையும் வீணாக்கி அறியாத கை அவருடையது. ஆயினும் இந்த வழக்கில் நாம் எதிர்க்கட்சி வக்கீலாக நிற்க வேண்டியதாயிற்று.

கொதியில் கிருமி மாளும் என்பது மெய்யே. ஆனால் சில கிருமிகள் மாள்வதற்கு முன் விட்டுச் செல்லும் நஞ்சு, கொதிக்கு அஞ்சுவதில்லை. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டப்பாக் காளானை உண்ட பலர் வாந்தியும் பேதியுமாய் அவதியுற்றனர். டப்பாவிலடைத்த பண்டம் ஆலையிலேயே சூடேற்றப்படுவது. அப்படியிருந்தும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியின் நஞ்சு அதில் எஞ்சியிருந்தது.

அப்படியானால் சிக்கனத்துக்கு வழி என்ன? வாங்கிய அன்றே காட்ட வேண்டிய கவனந்தான். காளான் பறித்த பின்னும் மூச்சு விடுகிறது. அதன் எடையில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு நீர். பிளாஸ்டிக் உறைக்குள் அது வேர்த்து, தன் ஈரத்திலேயே அழுகத் தொடங்குகிறது. ஆகவே உறையை நீக்கி, கழுவாமல், காகிதப் பையிலிட்டு, வாயை இறுக்காமல் குளிர்ப்பெட்டியில் வைத்தல் நலம். கழுவுவது சமைக்கும்போது போதும். இவ்விதம் வைத்தால் மொட்டுக் காளான் நான்கைந்து நாள் தாங்கும். சிப்பிக் காளானை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

பச்சைக் காளானைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்தல் ஆபத்து. உள்ளிருக்கும் பிராணவாயுவை அது உண்டு தீர்த்துவிடும். பிறகு வெப்பமும் சேர்ந்தால், காற்றில்லாத இடத்தில் செழிக்கும் பொட்டுலினம் என்னும் கொடிய கிருமிக்கு இடமுண்டாகும். மிகுதியாயிருந்தால் மெல்லியதாய் அரிந்து, மொறுமொறுவென்று உலர்த்தியபின் சீசாவில் மூடலாம். நீர் வற்றிய பண்டத்தில் கிருமி பெருகாது.

இனி அடையாளங்கள். சற்றே சுருங்கிய காளான் நீர் வற்றியதேயன்றிக் கெட்டதன்று. வழவழப்பு, பரவும் கரும்புள்ளி, புளித்த அல்லது அம்மோனியா நெடி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விலக்க வேண்டியதே.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்னும் பழம்பேச்சை நம்பலாகாது. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். உயிரைக் குடிக்கும் காளானிலும் அது பளபளத்தே நிற்கக்கூடும். நாம் கூறிய அடையாளங்களும் பயிரிட்ட காளானுக்கே உரியவை. மழைக்குப்பின் தானே முளைப்பது எவ்வளவு புதிதாயினும் நஞ்சாயிருக்கலாம்; இனம் அறியாதவர் அதைத் தொடாதிருப்பதே விவேகம்.

வழக்கு முடிந்தது. பொட்டலம் தென்னை மரத்தடிக்கு எருவாயிற்று. அன்னையார் தீர்ப்பை ஏற்றாரோ இல்லையோ, அடுத்த ஞாயிறு கடைக்குப் புறப்பட்ட நம்மிடம், "ஒரு பொட்டலம் போதும்" என்றார். அதுவன்றோ சிக்கனம்!