ஏழு மணி பூஜைக்கு ஏன் வரலை?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

பங்குனி உத்திரம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அன்னதானம் நல்லபடியா நடந்தது, கடைசிப் பந்தி வரைக்கும் சோறு குறையலைன்னு எல்லாரும் பாராட்டினீங்க. நன்றி. ஆனா அந்தப் பாராட்டை வாங்கிக்கிட்டு ஒரு விஷயத்தை மட்டும் நாங்க சொல்லாம விட்டுட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

உத்திரத்தன்று காலை எட்டரை மணிக்குக் காய்கறி வெட்ட வந்தவர்களில் ஒரு தம்பி, முதல் நாள் இரவு ஏழு மணியிலிருந்து அன்று காலை ஏழு மணி வரை ஃபேக்டரியில் வேலை முடித்துவிட்டு, யூனிஃபார்மோடு நேராகக் கோயிலுக்கு வந்தவர். பூசணிக்காய் வெட்டினார். அண்டா தூக்கினார். மூன்று பந்தி பரிமாறினார். மதியம் இரண்டரைக்கு மோட்டாரை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார். வீட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது கண் அசந்துவிட்டது. சாலைத் தடுப்பில் மோதித் தோள்பட்டை எலும்பு உடைந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. எம்.சி.யில் வீட்டில் இருக்கிறார்.

"முருகன் காப்பாத்திட்டான்"னு எல்லாரும் சொன்னோம். அது உண்மைதான். ஆனா அந்த மோட்டாரில் அவரை அந்த நிலைமையில ஏற்றி அனுப்பியது நாங்கதானே?

உத்திரத்துக்கு முந்தின வாரம் எங்க சேவைக் குழு வாட்ஸ்அப்பில், இரண்டு கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றி ஒருத்தர் எழுதினார்: "சாமி காரியம்னா மட்டும் நேரம் இருக்காது." அதுக்கு நாங்க பல பேர் கைகூப்பும் படம் போட்டோம். அந்தத் தம்பி பதில் எதுவும் எழுதலை. உத்திரத்தன்று வந்து நின்றார். அவ்வளவுதான்.

அதனால இதை வெளிப்படையா சொல்றோம். ஷிஃப்ட் வேலை செய்கிறவருக்குப் பக்தி குறைவில்லை. அவர் நேரம் கோயில் நேரத்தோடு சேரவில்லை, அவ்வளவுதான். அவரை நம்ம நேரத்துக்கு இழுக்கிறதை நிறுத்திட்டு, நம்ம நேரத்தைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தணும்.

பெரியவங்களுக்குத் தோட்டத்து நாட்கள் ஞாபகம் இருக்கும். விடியறதுக்கு முன்னே பெரட்டு. எல்லாரும் ஒரே நேரத்துக்குக் களத்தில் நிற்பாங்க, ஒரே நேரத்துக்கு மரம் சீவப் போவாங்க, பால் தூக்கிக் கொடுத்துட்டு மதியத்துக்கு மேல வீடு திரும்புவாங்க. சாயந்திரம் கோயில் மணி அடித்தால் லயமே வந்து நிற்கும். கஷ்டமான வாழ்க்கைதான். ஆனா எல்லாருக்கும் ஒரே கடிகாரம். நம்ம கோயில்களின் சாயந்திர பூஜை, திருவிழா நேரம், கூட்டம் போடுற வழக்கம் எல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து அமைந்தவை.

1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. பிறகு பிறை, கூலிம். தோட்டத்துப் பிள்ளைகள் ஃபேக்டரி பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார்கள். இப்போ ஒரே வீட்டில் அப்பா ஜாகா வேலை, அம்மா ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட், மகன் சிப் ஃபேக்டரியில் நாலு நாள் வேலை, இரண்டு நாள் லீவு. மூன்று பேருக்கும் மூன்று கடிகாரம்.

கோயில் பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் பாருங்க. ஏழுக்கு ஏழு ஷிஃப்ட் ஓடுற இடத்தில், பகல் ஷிஃப்ட் சாயந்திரம் ஏழுக்கு முடியும். பஸ் நம்ம ஏரியாவுக்கு வந்து சேர எட்டு மணி தாண்டும். இரவு ஷிஃப்டுக்குப் போறவர் ஆறு மணிக்கே பஸ் ஏறிடுவார். நம்ம சாயந்திர பூஜை ஏழு மணிக்கு. இரண்டு ஷிஃப்டுமே வர முடியாத நேரம் ஒன்றைத் தேடிப் பிடித்த மாதிரி இருக்கு! அப்புறம் "இளைஞர்கள் கோயிலுக்கு வர்றதில்லை"ன்னு ஆண்டுக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிறோம்.

ஃபேக்டரி ஏன் ராத்திரியும் ஓடணும்னு கேட்கலாம். கோடிக்கணக்கில் போட்டு வாங்கிய இயந்திரம் சும்மா நின்றால் முதலாளிக்கு நஷ்டம். சில இயந்திரங்களை நிறுத்திட்டு மறுபடி ஓட விட்டால், சரிபார்த்து முடிக்கவே நேரம் பிடிக்கும். ஆஸ்பத்திரி, துறைமுகம், பாலம், தண்ணீர், மின்சாரம் எதையும் ராத்திரி மூட முடியாது. நாம நிம்மதியா தூங்குறதே வேற யாரோ முழித்திருப்பதால்தான். ஷிஃப்ட் வேலையே கூடாதுன்னு நாங்க சொல்லவில்லை.

ஆனா அதன் விலையை உடம்புதான் கொடுக்குது. நம்ம உடம்புக்குள்ளே பகல் இரவைப் பார்த்து ஓடுற ஒரு கடிகாரம் இருக்கு. அது எப்படி ஓடுதுன்னு கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஷிஃப்ட் மாறினால் அந்தக் கடிகாரம் உடனே மாறாது. அதனாலதான் பகலில் படுத்தால் தூக்கம் துண்டு துண்டா வருது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து முழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடையது போல ஆகிவிடும்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம நாட்டில் 2020-இல் சட்டத்தைக் கடுமையாக்கி, வண்டி ஓட்டுறவருக்கு வைத்த மது வரம்பும் அதேதான். அந்தத் தம்பி முதல் நாள் சாயந்திரம் ஐந்துக்கு எழுந்தவர். மோட்டாரை எடுத்தபோது இருபத்தொன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. குடித்துவிட்டு வந்தவர் கையில் நாங்க சாவியைக் கொடுத்திருப்போமா?

இதைப் படிக்கிறவர்களில் முதலாளிகளும் இருக்கீங்க. செக்யூரிட்டி கம்பெனி, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, லாரி, துப்புரவு வேலைன்னு நடத்துறீங்க. உபயம் எடுக்கிறீங்க, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுறீங்க. அந்த மனசுக்கு நன்றி. உங்களிடம் ஒரு வேண்டுகோள். பந்தலில் ஆயிரம் பேருக்கு மோர் கொடுக்கும்போது, உங்க கடை வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற நம்ம ஆளுக்கு அன்றைக்குத் தண்ணீர்மலையின் 513 படி ஏற நேரம் கிடைத்ததான்னு கொஞ்சம் கேளுங்க.

பினாங்கில் தைப்பூசம் மாநிலப் பொது விடுமுறைதான். ஆனா வேலைச் சட்டப்படி தனியார் முதலாளி தர வேண்டிய 11 விடுமுறை நாளில் ஐந்துதான் பெயர் சொல்லிக் கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறு எவை என்பது முதலாளி கையில். தைப்பூசம் அதில் இல்லாமல் போகலாம். ஆக, இது சட்டத்தைவிட உங்க மனசைப் பொறுத்த விஷயம்.

இதில் உங்களுக்கும் லாபம் இருக்கு. ஷிஃப்ட் அட்டவணையை இரண்டு நாளைக்கு முன்னால ஒட்டினால், ஆள் எம்.சி. எடுப்பார். அவர் இடத்தில் நிற்கிறவர் இரட்டை ஷிஃப்ட் பார்ப்பார். மறுநாள் அவரும் வரமாட்டார். கடைசியில் நல்ல ஆள் வேலையை விட்டுட்டுப் போவார், நீங்க புது ஆளுக்கு முதலிலிருந்து பழக்கணும். அதுவே ஒரு மாதம் முன்னால அட்டவணை தெரிந்தால், பெருநாளுக்கு மலாய் நண்பர் ஷிஃப்டை நம்ம ஆள் எடுப்பார், பூசத்துக்கு நம்ம ஆள் ஷிஃப்டை அவர் எடுப்பார். ரொம்ப ஃபேக்டரிகளில் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே இப்படித்தான் சமாளிக்கிறாங்க. அதுக்கு இடம் கொடுத்தால் போதும்.

வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது பலருக்குத் தெரியும். அதே திருத்தத்தில், வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் வழி வந்தது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரணும். மறுத்தால் காரணம் சொல்லணும். கண்டிப்பா கிடைக்கும்னு இல்லை. ஆனா கேட்கிற உரிமை இருக்கு. வாய் வார்த்தையா கேட்காம எழுதிக் கேளுங்க.

சரி, ஊருக்கு உபதேசம் போதும். நம்ம வீட்டுக்குள்ளே என்ன செய்யப் போறோம்? நிர்வாகத்திடம் சேவைக் குழு சார்பில் இந்த ஐந்தையும் வைத்திருக்கிறோம்:

1. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவருக்கு அன்று கத்தியும் இல்லை, கரண்டியும் இல்லை. சாமி கும்பிடட்டும், முதல் இலையில் சாப்பிடட்டும், மண்டபத்தில் பாய் விரித்துக் கொடுப்போம். வீட்டுக்குப் போகணும்னா வேற ஒருத்தர் காரில் கொண்டு போய் விடுவார்.

2. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் இரவு ஒன்பதரை வரை அர்ச்சனை. குருக்கள் ஐயாவும் ஷிஃப்ட் வேலைக்காரர்தான் என்பதை மறக்க வேண்டாம். விடியற்காலை ஐந்துக்கு நடை திறக்கிறார், இரவு நடை சாத்துகிறார். அவருக்கு மறுநாள் காலை ஓய்வு கொடுத்து, மாற்றுக் குருக்கள் வைத்தால்தான் இதைச் செய்யணும்.

3. திருவிழாத் தேதிகளை மூன்று மாதம் முன்னால அறிவிப்போம். லீவு கேட்க வசதியா, வேண்டியவர்களுக்கு ஆலயத்தின் கடிதமும் தருவோம்.

4. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு முடிவுகளைக் குரல் பதிவாக அனுப்புவோம். வராததுக்கு யாரும் யாரையும் குழுவில் கேள்வி கேட்கக்கூடாது.

5. ஒலிபெருக்கி. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஃபிளாட்டில் காலை பத்து மணிக்குத் தூங்கிக்கிட்டு இருக்கிறவங்க எத்தனை பேர்னு நாம ஒரு நாளும் யோசித்ததில்லை. ராத்திரி வேலை முடித்து, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பி, சமைத்து வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கண் மூடலாம்னு படுக்கிற அக்காவும் நம்ம பக்தைதான். பெட்டிகளை உள்பக்கம் திருப்பி வைப்போம்.

"ஆகமம் சொன்ன காலத்தை மாத்தலாமா?"ன்னு சில பெரியவங்க கேட்டாங்க. நியாயமான கேள்வி. பூஜைக் காலத்தில் நாங்க கை வைக்கவில்லை. அது குருக்கள் ஐயா சொல்ல வேண்டியது. அர்ச்சனைக் கவுண்டர், அன்னதானம், கூட்டம், தொண்டு அட்டவணை எல்லாம் நாமே வைத்த நேரங்கள். நாமே மாற்றலாம். மகா சிவராத்திரிக்கு விடிய விடிய நாலு கால பூஜை நடக்குது. ஒரு காலம் தவறினாலும் இன்னொரு காலத்துக்கு வந்து சேரலாம். அந்த மனசை மற்ற நாளிலும் கொஞ்சம் காட்டுவோம்னுதான் கேட்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியைப் பார்க்கப் போனோம். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லண்ணா, ஆடிக் கிருத்திகைக்கு வந்துடுறேன்"னு சிரித்தார். அவங்க அம்மா எங்களுக்கு டீ கொண்டு வந்து வைத்துட்டு ஒண்ணுதான் கேட்டாங்க: "அன்னைக்கு இவன் நைட் முடிச்சு வந்தான்னு உங்கள்ல யாருக்குமே தெரியாதாய்யா?"

யூனிஃபார்மைப் பார்த்தோம். தெரியும். கேட்கத்தான் இல்லை.

இனிமேல் கோயில் வாசலில் யாரைப் பார்த்தாலும், "ஏன் போன வாரம் வரலை?"ன்னு கேட்காம, "தூங்கினியாப்பா, சாப்பிட்டியா?"ன்னு கேட்போம். ஷிஃப்ட் வேலை பார்க்கிற குடும்பங்கள் எந்த நேரம் கோயிலுக்கு வர முடியும்னு அர்ச்சனைக் கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அதை வைத்துத்தான் அடுத்த அட்டவணை போடப் போகிறோம்.

முருகா சரணம்.
ஆலய சேவைக் குழு