ஒரு 'ரீ' படுத்தும் பாடு

அயல் வீட்டு இளைஞன் ஒருவன் சென்ற மாதம் நேர்முகப் பரீட்சை ஒன்றுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தான். தான் ஆங்கிலத்தில் பேசுவதைச் சற்றுக் கேட்டுப் பிழை திருத்தும்படி நம்மிடம் வந்தான். நமக்கும் பெருமைதான். சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டோம்.

இரண்டு வசனம் முடியுமுன்னே 'ஒஃப்ரன்' என்றான். நமக்குச் சுரீரென்றது. "தம்பி, அந்த 'ரீ' வாய்க்கு வரக்கூடாது; 'ஒஃபன்' என்று சொல்ல வேண்டும்" என்றோம். தொடர்ந்தான். 'ஸ்கெஜூல்' என்றான். "'ஷெடியூல்', தம்பி!" என்றோம், முன்னையிலும் சற்று உரக்க. மூன்றாந் தடவை நிறுத்தியபோது கடதாசிகளை மடித்து, "மிச்சத்தைப் பிறகு பார்ப்போம், மாமா" என்று எழுந்து போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பரீட்சைக்குப் போகவே மனமில்லை என்று சொல்லிக் கொண்டிருக்கிறானென அவன் தாயார் வேலியருகே நின்று சொன்னபோதுதான் நமது நெஞ்சு குறுகுறுத்தது.

அன்றிரவு அகராதியை எடுத்துப் பிரித்தோம். இரண்டு உச்சரிப்புகளும் அங்கே இருந்தன! அந்த 'ரீ' முற்காலத்தில் ஆங்கிலேயர் நாவில் ஒலித்துப் பின்னர் தேய்ந்து மறைந்ததாம். எழுதப் படிக்கத் தெரிந்தோர் பெருகியதும், எழுத்தைப் பார்த்து மறுபடியும் ஒலிக்கத் தொடங்கினராம். மற்றச் சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த அச்சொல் முன்னாளில் 'செ' என்றே தொடங்கியது. அமெரிக்க அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்ரர் 'ஸ்க்' என்பதை ஆதரித்தார். நாம் வேதமாகக் கொண்டிருந்த 'ஷெ' பிரித்தானியரின் வழக்கு, அவ்வளவுதான்.

பி.பி.சி. வானொலி நிலையத்தார் இத்தகைய பிணக்குகளைத் தீர்க்க 1926ஆம் ஆண்டு ஒரு குழுவையே அமைத்தனர். முதலில் கவிஞர் றொபேட் பிறிட்ஜஸ் தலைமை வகித்தார். அவர் 1930இல் மறைந்தபின் பேர்னாட் ஷா அப்பொறுப்பை ஏற்றார். ஆங்கிலேயரின் உச்சரிப்பைத் தீர்மானிக்க ஓர் அயர்லாந்துக்காரர்! அந்தப் பண்டிதர்களும் தம்முள் ஒத்துப் போகவில்லை. விதித்ததைத் தாமே மாற்றவும் நேர்ந்தது. 1939இல் போர் மூண்டதும் குழுவின் பணி நின்றது.

அப்படியிருக்க, நமக்கேன் அவ்வளவு எரிச்சல்? ஒரு பிழையான 'ரீ'க்காகப் பிரம்படி வாங்கிய கை நம்முடையது. அடி வாங்கிக் கற்றதை மற்றவன் இலவசமாக மீறுவதைக் காணப் பொறுக்கவில்லை போலும்.

தமிழிலும் இந்த 'ரீ' சும்மா விடுவதில்லை. தமிழகத்து நண்பர்கள் 'டீ' என்று எழுதுவதை நாம் 'ரீ' என்று எழுதுகிறோம். அவர்கள் அதை 'ரீங்காரம்' என்பதிலுள்ள 'ரீ' போலவே வாசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். 'காற்று' என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும்போது நாநுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னே, ஈற்றிலே தட்டுகிறது. ஆங்கிலேயனின் 'ரீ' பிறப்பதும் ஏறக்குறைய அவ்விடத்திலேதான். அதனால் அவ்வொலிக்கு றகரத்தையும் ரகரத்தையும் நாடினோம். டகரமோ நாவை மேலண்ணத்துக்கு வளைத்து எழுப்பும் ஒலி. நமது எழுத்தைக் கேலி செய்பவரிடம் இத்தனை நியாயம் பேசும் நாம், அடுத்த வீட்டுப் பையனிடம் ஒன்றையும் பேசவில்லை.

மறுநாட் காலை அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். பக்கத்தை விரித்துக் காட்டி, "நீ சொன்னதும் சரிதான், தம்பி" என்றோம். அவன் வரி வரியாக விரலை ஓட்டிப் படித்தான். பிறகு நிமிர்ந்து, "பரீட்சிக்க இருப்பவரும் இந்தப் புத்தகத்தைப் பார்த்திருப்பாரா, மாமா?" என்று கேட்டான்.

நம்மிடம் விடை இருக்கவில்லை.

"அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். 'மெனி ரைம்ஸ்' என்று சொல்லப் போகிறேன்" என்றான். அதிலும் ஒரு 'ரீ' இருக்கிறது. நாம் வாய் திறக்கவில்லை.