உப்பளத்துப் பிள்ளையின் முதல் வாரம்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. புதுச் சட்டை, புதுப் பை, புது நோட்டு. ஊரெங்கும் ஒரே கலகலப்பு.

மரக்காணத்தில் அதே ஜூன் மாதம் இன்னொரு வேலையும் மும்முரமாக நடக்கிறது. அது உப்பு வாரும் வேலை.

சென்னையில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சாலை ஓரத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்திகள். பாத்திகளின் கரையில் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள்.

வெயிலும் காற்றும் இருந்தால்தான் உப்பு. ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி வேலை ஆரம்பம் ஆகிறது. வெயில் ஏற ஏற உப்பு விளைகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் வேலை நின்றுவிடுகிறது. அதன் பிறகு சில மாதங்களுக்குக் கூலி கிடையாது. அதற்காகத்தான் தமிழக அரசு, 2022-ம் ஆண்டில், உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5 ஆயிரம் மழைக்கால நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது.

ஆக, மழைக்கு முன்னால் சம்பாதித்தால்தான் உண்டு. ஜூன் மாதத்தில் ஒரு நாள் கூலியை விடுவது என்பது, மழைக் காலத்தில் ஒரு நாள் அடுப்பு எரியாமல் இருப்பதற்குச் சமம்.

வெயில் கொளுத்துவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும். எனவே, இருட்டோடு எழுந்து உப்பளத்துக்குப் போகிறார்கள். பிள்ளை கண் விழிக்கும்போது வீட்டில் தாய் இல்லை. தகப்பனும் இல்லை.

5 வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்து அறியாத பிள்ளை. அதன் கையைப் பிடித்து அழைத்துப் போவது யார்?

இதுதான் கேள்வி.

முதல் வாரம் ஏன் பெரிது?

"ஒரு வாரம்தானே! பிள்ளை அடுத்த வாரம் போனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும்.

பாத்தியில் நீர் விட்டதும் உப்பு விளைந்துவிடுமா? விளையாது. முதலில் பாத்தியைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு காலால் மிதிக்க வேண்டும். திரும்பத் திரும்ப மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். தரை இறுகாத பாத்தியில் நீர் விட்டால், உப்பு மண்ணோடு கலந்து கலங்கலாகப் போகும். விலை போகாது.

ஒன்றாம் வகுப்பின் முதல் வாரம், பாத்தி மிதிக்கிற வாரம். அந்த வாரத்தில் எழுத்து விளையாது, எண் விளையாது. ஆனால் அவை விளைவதற்கான தரை அப்போதுதான் இறுகுகிறது.

"இந்த இடம் எனக்குப் பயம் இல்லாத இடம்" என்று பிள்ளையின் மனதில் படவேண்டும். அது முதல் வாரத்தில் படாவிட்டால், பிறகு படுவது கஷ்டம்.

ஐந்து நாள் பாடம்

முதல் வாரத்தில் பிள்ளைக்கு என்ன கற்றுக் கொடுப்பது?

திங்கட்கிழமை: அன்று ஒரே பாடம் போதும். அது பிள்ளையின் பெயர். வீட்டில் அதன் பெயர் "குட்டி", அல்லது "பாப்பா". பதிவேட்டில் இருப்பதோ வேறு பெயர். ஆசிரியர் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறார். பிள்ளை விழிக்கிறது. அது தன்னைத்தான் குறிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரித்துவிட்டால், அதன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வரும். ஆகவே, முதலில் வீட்டுப் பெயரைக் கேட்டு, அதைச் சொல்லி அழைக்கட்டும். பிறகு பள்ளிப் பெயரைச் சொல்லட்டும். தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்பதையும் அன்றே காட்டிவிட வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு, பாவாடையை நனைத்துக்கொண்ட பிள்ளை, மறுநாள் பள்ளிக்கூடம் என்றாலே அழும்.

செவ்வாய்க்கிழமை: கைக்குப் பயிற்சி. எழுத்து வேண்டாம். கோடு போதும். படுத்த கோடு, நின்ற கோடு, சுழி, வட்டம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதினார்கள். அதில் ஒரு வசதி உண்டு. தப்பாகப் போனால் தடவிவிடலாம். தப்பு இருந்த இடமே தெரியாது. கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம்?

புதன்கிழமை: காதுக்குப் பயிற்சி. பாட்டு, கதை, ஒலி. "அம்மா" என்ற சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது? அதே ஒலியில் தொடங்கும் வேறு சொல் எது? "அப்பா" என்று ஒரு பிள்ளை சொல்லும். "அலை" என்று ஒரு பிள்ளை சொல்லும். "அளம்" என்றுகூட ஒரு பிள்ளை சொல்லலாம். ஒலியைக் காது பிரித்து அறிந்தால், பிறகு எழுத்தைக் கண் பிடித்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை: எண்ணுவது. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம், "நாலு கிளிஞ்சல் எடுத்துக் கொடு" என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது வேறு. எண்ணுவது வேறு. ஐந்து கிளிஞ்சல், ஐந்து விரல், ஐந்து பிள்ளைகள். மூன்றிலும் ஐந்து ஒன்றுதான் என்று தெரிந்தால், அன்றைய கணக்குப் பாடம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை: ஒரு சொல். ஒரே ஒரு சொல். தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே மூச்சில் காட்டினால் பிள்ளை மிரளும். ப, ட, ம் என்ற மூன்று எழுத்து போதும். "படம்" என்ற சொல் வந்துவிடும். "ட்" சேர்ந்தால் "பட்டம்". மாலையில் பிள்ளை வீட்டுக்குப் போய், தான் கற்ற சொல்லைத் தாய்க்குப் படித்துக் காட்டும்.

அந்தத் தாய்க்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். கவலை இல்லை. "எங்கே, இன்னொரு தடவை படி" என்று சொல்லத் தெரிந்தால் போதும்!

முதல் வாரமே இல்லாத பிள்ளைகள்

முதல் வாரம் தவறினால் என்ன ஆகும் என்பதை நாடு முழுவதும் ஒரு முறை பார்த்துவிட்டது.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோய்க்காகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. இடையில் 19 மாதங்கள்!

2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, பள்ளிக்கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு ஆகியிருந்தது. அதற்கு ஒன்றாம் வகுப்பின் முதல் வாரம் வரவே இல்லை. வசதி உள்ள வீட்டில் செல்போன் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கப் படித்த தாய் இருந்தாள். உப்பளத்துக் குடிசையில் என்ன இருந்தது?

அந்தக் குறையைத் தீர்க்க "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டம் வந்தது. அது தொடங்கிய இடம் எது தெரியுமா? இதே மரக்காணம் பகுதியில் உள்ள முதலியார்குப்பம்தான்! 2021-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கே அதைத் தொடங்கி வைத்தார். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், ஊரில் உள்ள தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை கொடுக்கப்பட்டது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளிகள் திறந்த 6 மாதங்களில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அப்படி மீட்டதில் ஏறத்தாழ கால் பங்கு, இந்த மாலை வகுப்பால் கிடைத்தது என்று கண்டார்கள்.

இதில் இருந்து தெரிவது என்ன? பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிட முடியும். ஆனால் அதற்கு ஊரே சேர்ந்து கை கொடுக்க வேண்டும்.

பசியோடு எழுத்து ஏறாது

பிள்ளைக்குப் பாடம் ஏறவேண்டுமானால், முதலில் வயிற்றில் ஏதாவது இறங்க வேண்டும்.

இதைத் தமிழ்நாடு வெகு காலத்துக்கு முன்பே தெரிந்துகொண்டது. 1920-ல் சென்னையில், ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில், பிட்டி தியாகராயர் காலத்தில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தார்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டு வந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார்.

ஆனாலும், காலைப் பசி அப்படியே இருந்தது. இருட்டில் வேலைக்குப் போகும் தாய், பிள்ளைக்குக் காலையில் என்ன செய்து வைப்பாள்? பழைய சோறு இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி, அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைத்தது.

உப்பளத்துத் தாய்க்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. ஆனால் ஒன்று. அந்தச் சோறு பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அது வயிற்றுக்குக் கிடைக்கும். மறுபடியும் அதே கேள்விதான் வருகிறது. அழைத்துப் போவது யார்?

யார் என்ன செய்யலாம்?

ஜெர்மனி நாட்டில் ஒரு வழக்கம். பிள்ளை முதல் நாள் பள்ளிக்கூடம் போகும்போது, கூம்பு மாதிரி பெரிய காகிதப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். உள்ளே மிட்டாய், பென்சில், பொம்மை எல்லாம் இருக்கும். குடும்பம் முழுவதும் கூடப் போகும். தமிழ்நாட்டிலும் விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் வைத்து, அரிசியில் எழுத வைக்கிற வழக்கம் உண்டு. எந்த ஊராக இருந்தாலும், முதல் எழுத்தின்போது பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார்.

உப்பளத்துப் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் வேண்டும். தாயே வந்தால் நல்லது.

உப்பள உரிமையாளர்களும் குத்தகைக்காரர்களும் நினைத்தால் இது நடக்கும். ஒன்றாம் வகுப்பில் பிள்ளை சேர்ந்திருக்கும் தாய்மார்களை, முதல் ஐந்து நாள் மட்டும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரச் சொல்லலாம். அதற்காகக் கூலியைக் குறைக்காமல் இருக்கலாம். ஓர் உப்பளத்தில் அப்படிப்பட்ட தாய்மார்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் உப்பு ஒன்றும் கரைந்து போகாது.

அக்கம்பக்கத்தினரும் உதவலாம். தெருவில் ஒரு பாட்டி, ஐந்து பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துப் போகலாம். நாலாம் வகுப்பு அக்கா, ஒன்றாம் வகுப்புத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆனால் அக்காவை வீட்டில் நிறுத்தி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது, இன்னொரு பிள்ளைக்குக் கதவைச் சாத்துவது நியாயம் அல்ல. கைக்குழந்தைக்கு அங்கன்வாடி இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2022-ல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளின் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். எல்லா அரும்பும் ஒரே நாளில் மலர்வது இல்லை. மூன்று நாள் கழித்து வரும் பிள்ளையை, "ஏன் வரவில்லை?" என்று அதட்டாமல், "வந்துவிட்டாயா, கண்ணு!" என்று கேட்டால், அது நாலாவது நாளும் வரும்.

பெற்றோர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. "அடம் பிடித்தால் வாத்தியாரிடம் சொல்லி அடிக்கச் சொல்வேன்" என்று பிள்ளையை மிரட்டக் கூடாது. பள்ளிக்கூடத்தைப் பூச்சாண்டி வீடு ஆக்கிவிட்டு, பிறகு அங்கே போ என்றால், பிள்ளை எப்படிப் போகும்?

14 வயது வரை படிப்பது பிள்ளையின் உரிமை என்று சட்டம் சொல்கிறது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்து வைக்கும். வாசல் வரை பிள்ளையின் கையைப் பிடித்து வருவதற்கு மனிதர்கள்தான் வேண்டும்.

மரக்காணத்துத் தாய், வெயிலில் நின்று உப்பு வாருகிறாள். "என் பிள்ளையாவது இந்த வெயிலில் நிற்கக் கூடாது" என்பதுதான் அவள் ஆசை. அந்த ஆசை நிறைவேற வேண்டுமானால், அவள் பிள்ளை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு முதல் படி, முதல் வாரம்.

அந்த ஐந்து நாளில், தாய் பாத்திக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும்!