மழையிலும் ஓட வேண்டிய மோட்டார்கள்

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. படகு, நிவாரண முகாம், உணவுப் பொட்டலம், மரம் அறுக்கும் இயந்திரம் என்று ஏற்பாடுகள் பேசப்படுகின்றன. எல்லாமே தேவைதான். இந்த வாரம் நாம் கேட்பது வேறு. மழை விடாமல் கொட்டும் நாள்களிலும் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வருமா? பாதாளச் சாக்கடையின் மோட்டார்கள் ஓடுமா? வெள்ளத்தில் சிக்கியவரை மீட்கப் படகு வேண்டும். வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் குழந்தைக்கு அந்த வியாதி வராமலே தடுக்க, அந்த மோட்டார்கள் நிற்காமல் ஓடியிருக்க வேண்டும்.

பாடியை எடுத்துக்கொள்வோம். சம்பந்தரின் பதிகம் பெற்ற திருவலிதாயம் கோயிலும் லூகாஸ் டிவிஎஸ் ஆலையும் இருக்கும் ஊர். வடக்கே கொரட்டூர் ஏரி, தெற்கே கூவம். ஓட்டேரி நல்லா கால்வாய் இங்கே தொடங்கித்தான் அண்ணா நகர், அயனாவரம், பெரம்பூர் வழியாகப் போய் பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயில் சேருகிறது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னையோடு இணைந்தபின் பாடி மாநகராட்சியின் 7ஆவது மண்டலத்தில் இருக்கிறது.

ஐந்தே வருஷத்துக்குள் இந்த வட்டாரம் மூன்று விதமான சோதனையைப் பார்த்துவிட்டது. 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்து நின்றது பக்கத்து வில்லிவாக்கத்தில். அங்கிருந்து கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்த்தான் நகரத்துக்கு விட்டார்கள். மறு வருஷம் கொரோனா. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, 2020 மே மாதம் அதை மூடித் திருமழிசைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சோப்புப் போட்டு அடிக்கடி கை கழுவச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்த அதே வீடுகளுக்குத்தான் அந்த அறிவுரையும் போனது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. கொரட்டூரிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும் மழை நின்ற பிறகும் பல தெருக்களில் தண்ணீர் வடியவில்லை. வறட்சி, கொள்ளைநோய், வெள்ளம் என்று மூன்றுக்கும் நாம் தனித்தனி நிவாரணம் யோசிக்கிறோம். மூன்றிலும் மக்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது ஒரே குழாயும் ஒரே சாக்கடையும்தான்.

வெள்ளம் வந்தால் குடிநீர் விநியோகத்தை நிறுத்திவைப்பதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்துவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் இணைப்பு கொடுத்த இடம், துருப்பிடித்த இடம், லாரி ஏறி அழுந்திய இடம் என்று எங்காவது கசிவு இருக்கத்தான் செய்யும். உள்ளே தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை அது வெளிப்பக்கமாகவே கசியும். ஓட்டம் நின்று குழாய் காலியானால், மேலே தேங்கி நிற்கும் தண்ணீர் அதே விரிசல் வழியாக உள்ளே இறங்கும். அந்த நேரத்தில் அடிபம்பை அடித்தாலோ, குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ அழுக்கை நாமே வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறோம்.

மேலே தேங்கி நிற்பது வெறும் மழைத் தண்ணீராகவும் இருப்பதில்லை. தெருவில் தண்ணீர் ஏறியதும் மின்கசிவுக்கு அஞ்சி மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். உயிரைக் காக்கும் முடிவு அது, சரியான முடிவு. மாற்று ஏற்பாடு இல்லாத கழிவுநீரேற்று நிலையமும் அதோடு சேர்ந்து நின்றுபோகிறது. சில மணி நேரத்தில் பாதாளச் சாக்கடை நிரம்பி, மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வருகிறது. தரைத்தள வீடுகளில் கழிப்பறை வழியாகவே பொங்குகிறது. தெருத் தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று நல்லெண்ணத்தில் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மழைநீரைத் தாங்கப் போட்ட குழாய் அல்ல அது. உங்கள் தெரு வடிந்தால், பள்ளத்தில் இருக்கும் இன்னொரு தெருவில் சாக்கடை பொங்கும். மூடி திறந்திருப்பது தெரியாமல் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துவருகிறவர் உள்ளே விழுந்துவிடுவார்.

குழாயில் கழிவுநீர் கலந்தால் என்ன ஆகும் என்பதைக் காரைக்கால் காட்டியது. 2022 ஜூலையில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவி, அங்கே பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டிவந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கடந்த சில நாள்களில், பல்லாவரத்தில் 30க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் மக்கள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திருந்த நாள்களில் அந்தத் தெருக்காரர்கள் எந்த நம்பிக்கையில் குழாயைத் திறந்திருப்பார்கள்?

அப்படிக் காத்திருக்கும் அவசியமே இல்லாமல் செய்யலாம். இந்தியத் தர நிர்ணய விதிப்படி, குழாயின் கடைசி வீட்டுத் தண்ணீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். வைரஸ் தொற்றுக்கு அஞ்ச வேண்டிய காலத்தில் 0.5 மில்லிகிராம். முதல் எச்சரிக்கைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். சோதனைப் பெட்டியோடு வரும் வண்ண அட்டையில் ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். நிறமே வரவில்லை என்றால் அங்கே குளோரின் இல்லை. வழியில் ஏதோ கலந்து அதைத் தீர்த்துவிட்டதா என்று உடனே தேட வேண்டும். மழைக்காலம் முழுக்க, தெருக் கோடியில் இருக்கும் வீடுகளில் தினமும் இந்தச் சோதனை நடக்க வேண்டும். அளவை ரேஷன் கடை வாசலில் எழுதிப் போட வேண்டும். கோப்புக்குள் கிடக்கும் எண் யாரையும் காப்பாற்றாது.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பல பள்ளத்தில் இருக்கின்றன. தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடி தரையோடு தரையாக இருக்கும். முற்றத்தில் நான்கு விரல் தண்ணீர் ஏறினாலே போதும், நேராக உள்ளே போய்விடும். மூடியைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குச் சுவர் எழுப்ப இதுதான் நேரம். வெள்ளம் புகுந்துவிட்டால் முழுவதும் இறைத்து, சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். அதன்பின் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. பிரித்து வைத்த பவுடருக்கு ஈரக்காற்றில் வீரியம் போய்விடும். மாநகராட்சி ஊழியர்கள் சாலையோரம் தூவும் பவுடரில் ஒரு பகுதியை வீடுவீடாகப் பொட்டலமாகக் கொடுத்தால் பயன் பல மடங்கு கூடும். செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் தெருக்களில் கவலை இன்னும் அதிகம். வெள்ளத்தில் அதுவும் நிரம்பி வழியும்.

மண்ணூர்பேட்டையிலும் பட்டரவாக்கத்திலும் லைன் வீடுகளில் தங்கி வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்கு இந்த யோசனைகளால் பயனில்லை. சம்ப் அவர்களுடையது அல்ல, ஒரு கழிப்பறைக்குப் பல குடும்பம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150க்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி மருத்துவமனைக்குப் போனபோதுதான், அந்த விடுதிகளின் சமையலறையையும் கழிப்பறையையும் வெளியுலகம் எட்டிப்பார்த்தது. விடுதிக்கும் வாடகை லைனுக்கும் மழைக்கு முன்பே அதிகாரிகள் நேரில் போக வேண்டும்.

அடைப்பு எடுக்கிறவர்களைப் பற்றிப் பேசாமல் சுகாதாரம் பேச முடியாது. சாக்கடைக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசரம் என்ற பெயரில் அந்தத் தடையை மீறும் ஆசை வெள்ள நாளில்தான் அதிகம் எழுகிறது. எந்த அவசரத்திலும் ஒருவரையும் உள்ளே இறக்கக் கூடாது. அடைப்பை இயந்திரத்தாலேயே நீக்கும் ஜெட்ராடிங் லாரிகளை முன்கூட்டியே மண்டலத்துக்குள் நிறுத்த வேண்டும். முழங்கால் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு பூட்ஸ் வேண்டும், எலிக்காய்ச்சலைத் தடுக்க மருத்துவர் சொல்லும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம் அந்த மாத்திரையை ஊர் ஊராகக் கொடுத்தது, கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போட்டது. அப்படியும் எலிக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒன்றும் செய்யாதிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

வசதியான நாடுகளுக்கும் இதில் விலக்கில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜாக்சன் நகரில் ஆற்று வெள்ளத்தையடுத்துச் சுத்திகரிப்பு நிலையம் முடங்கியது. சுமார் ஒன்றரை லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீர் இல்லாமல் போனது. முக்கிய பம்புகள் அதற்கு முன்பே பழுதாகிக் கிடந்தன. நம் சென்னைக்கு 1914இலேயே கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்துவிட்டன. இருந்தும் 1992இல் ஓ139 என்ற புதுவகைக் காலராக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது இந்த ஊரில்தான்.

மிக்ஜாமுக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது அரசு. அந்த நேரத்தில் அது பெரிய உதவி. அதே அக்கறையோடு, ஒவ்வொரு கழிவுநீரேற்று நிலையத்திலும் 2023இல் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேலே மேடை கட்டி ஜெனரேட்டரையும் மின்பலகையையும் வைக்க வேண்டும். மூன்று நாளுக்கு டீசல் இருப்பு வேண்டும். வாரம் ஒருமுறை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கொரட்டூர் ஏரிக்கு மழைநீரோடு கழிவுநீர் போவது பசுமைத் தீர்ப்பாயம்வரை போன விவகாரம். மோட்டார் நின்றால் அந்த ஏரிக்கும் சேர்த்துத்தான் கேடு.

பாடி வாசகர்கள் இந்த வாரமே உங்கள் வார்டு கவுன்சிலரையும் மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகத்தையும் கேளுங்கள். எங்கள் தெருவின் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது? அங்கே ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது? கடைசியாக அதை எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தார்கள்? பதிலை எழுத்தில் வாங்கி நமக்கும் அனுப்புங்கள். மழைக்கு முன் வரும் இதழ்களில் நிலையத்தின் பெயரோடு வெளியிடுகிறோம்.