வாடகை பாக்கிக்குப் பூட்டா?

ஆனேக்கல் வட்டத்தில் பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, வாடகை வீடுகளில்தான் வாழ்கின்றன. ஆலையில் ஒரு மாதம் வேலை நின்றால் வாடகை நிற்கும். இரண்டு மாதம் நின்றால் சில இடங்களில் கதவில் பூட்டுத் தொங்கும். பாத்திரம் பண்டங்கள் தெருவுக்கு வரும். இது முறைதானா?

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. கடன் வாங்கிக் கட்டிய நான்கு அறைகளின் வாடகைதான் பலருக்குப் பிழைப்பு. வாடகை கொடுக்காமல் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால், காலி செய்விக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு. சட்டப்படியன்றி எவரையும் வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே கூறிவிட்டது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து வீட்டை மீட்க 1963-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது.

கர்நாடக வாடகைச் சட்டம் (1999), பாக்கியைக் கட்ட நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாத அவகாசமும் தரச் சொல்கிறது. ஆனால் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் பெங்களூரிலேயே அச்சட்டம் பொருந்தாது. அந்த வாடகைக்கு இன்று குடும்பம் நடத்த வீடு ஏது? மற்றவர்களுக்கு 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே கதி. ஒப்பந்தத்தில் வேறு நிபந்தனை இல்லையேல், மாத வாடகைக்காரருக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். எனினும், வாடகை பாக்கிக்காகக் குத்தகை ரத்து என்று வழக்கு வந்தால், விசாரணையின்போது பாக்கி, வட்டி, செலவு மூன்றையும் கட்டுபவரைத் தொடர்ந்து குடியிருக்க விட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

சண்டையின் வேர் பெரும்பாலும் அட்வான்ஸ் தொகையில் இருக்கிறது. "அதில் கழித்துக் கொள்ளுங்கள்" என்பார் குடியிருப்பவர்; "அது வேறு, வாடகை வேறு" என்பார் வீட்டுக்காரர். எழுத்தில் எதுவும் இராது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும். பத்து மாத முன்பணத்திற்காக வட்டிக்கு வாங்கி வந்த தொழிலாளியின் நிலையை எண்ணியேனும் அரசு இதைக் கவனிக்க வேண்டும்.

அதுவரை தொழிலாளர் செய்யக்கூடியது ஒன்றே. அட்வான்சுக்கும் ஒவ்வொரு மாத வாடகைக்கும் ரசீது வாங்குங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். உள்ளூர்த் தமிழ்ச் சங்கங்கள் மாதம் ஒரு நாள் இதற்கென ஒதுக்கினால், பல குடும்பங்களின் சாமான்கள் தெருவுக்கு வராது.